வெளிநாட்டுக் காசும் எங்கள் கையால் நடந்த பிழையும்



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுக்காரர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். சம்பந்தப்பட்ட ராத்தாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "பேர மட்டும் போட்டுடாதீங்க சேர், மத்தத எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்று சொன்னா.

எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையின் மூலையில் ஒரு பழைய மேசை இருக்கிறது. அதில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் கணிதம், ஒருவர் வணிகம், ஒருவர் இஸ்லாம் படிப்பிக்கிற மௌலவி. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாக இருந்த காலத்திலிருந்தே மூன்று பேரும் ஒட்டு. பாடசாலை விட்ட பிறகு அந்த மேசைக்கு ஆட்கள் வருவார்கள். அடையாள அட்டை விண்ணப்பம், அஸ்வெசும மேன்முறையீடு, பாஸ்போட்டில் பிழையான பிறந்த திகதி, ஏஜென்சிக்காரன் கையெழுத்து வைக்கச் சொன்ன ஆங்கிலக் கடிதம் என்று எதுவும் வரும். காசு வாங்குவதில்லை. சில நேரம் பிளேன்டியோடு தொதல் வரும், அதை மறுப்பதும் இல்லை.

இந்த ராத்தாவின் மகள் எங்களிடம் தரம் 10 இல் படித்தவள். தாய் சவூதியில் ஒரு வீட்டில் வேலை. இங்கே உம்மம்மாவோடு பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்த அன்றைக்கே வீட்டுக் கணக்கு தொடங்கிவிடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்தா போனதும் அதற்காகத்தான். ஊருக்குள்ளே, பள்ளிக்குக் கிட்ட, மேட்டு நிலத்தில் 6 பேர்ச் வளவொன்று பார்த்து, 2 இலட்சம் முற்பணம் கொடுத்து, மாத முடிவுக்குள் மிச்சத்தைக் கொடுத்து உறுதி முடிப்பதாகத் தவணை சொல்லியிருந்தார்கள்.

மாதாமாதம் செலவுக்குக் காசு அனுப்பும்போது எந்தச் சிக்கலும் வந்ததில்லை. அங்கே மணி எக்ஸ்சேஞ்சில் கட்டுவா, இங்கே ஒரு இரகசிய இலக்கத்தையும் அடையாள அட்டையையும் காட்டி உம்மம்மா எடுப்பா. இந்தத் தடவை அப்படி இல்லை. இரண்டு வருடச் சம்பளத்தில் பெரும் பகுதியை வீட்டுக்காரரிடமே சேர்த்து வைத்திருந்தா. 14,000 ரியால். ராத்தா ஊருக்குத் திரும்புகிறா, அவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக ராத்தாவின் கணக்குக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். விபரம் அனுப்பச் சொல்லி ராத்தாவின் வொய்ஸ் வந்தது: "சேர், ஐபான் வேணுமாம், ஐபான் எண்டா என்ன?"

அதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு உசார். ஏனென்றால் அது எங்களுக்குத் தெரிந்த விசயம். சவூதியில் ஐபான் இருக்கிறது, எஸ்.ஏ. என்று தொடங்கி 24 இடங்கள். அமீரகத்தில் 23, கட்டாரில் 29, குவைத்தில் 30. இலங்கையில் ஐபான் கிடையாது. இங்கே அனுப்ப வங்கியின் பெயர், கிளை, கணக்கு இலக்கம், கணக்குக்காரரின் பெயர், அதோடு ஸ்விஃப்ட் கோட். இதை மௌலவி அரபியில் அழகாக எழுதிக் கொடுத்தார். ஐபான் இல்லாத நாடா என்று அந்த வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டாராம். நாங்கள் மூன்று பேரும் பெரிய வேலை பார்த்த மாதிரி சிரித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் பிழை நடந்தது.

எங்கள் போனில் முன்பு ஒருவருக்காகத் தட்டிய வாட்ஸ்அப் செய்தி இருந்தது. கட்டாரில் இருக்கிற தம்பி தன் வாப்பாவின் கணக்குக்கு அனுப்புவதற்காகச் செய்து கொடுத்தது. எல்லாம் வரிசையாக, அழகாக இருக்கும். அதையே எடுத்து, பெயரை மாற்றி, கணக்கு இலக்கத்தை மாற்றி, வங்கியின் பெயரையும் கிளையையும் மாற்றி அனுப்பினோம். கடைசி வரியை மாற்றவில்லை. அந்தக் கடைசி வரிதான் ஸ்விஃப்ட் கோட். தட்டியது மூன்று பேரில் யார் என்று இன்றுவரை நாங்கள் வெளியே சொன்னதில்லை. மற்ற இருவரும் பார்த்துவிட்டு "சரி, அனுப்புங்க" என்று சொன்னவர்கள். ஆகவே மூன்று பேர் பிழைதான்.

ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகு பல தடவை யோசித்தோம். ஸ்விஃப்ட் கோட் என்பது 8 எழுத்து, அல்லது 11. முதல் நான்கும் வங்கி. அடுத்த இரண்டும் நாடு. அதற்கடுத்த இரண்டும் இடம். பிறகு மூன்று இருந்தால் அது கிளை, தலைமையகம் என்றால் மூன்று எக்ஸ் போடுவார்கள். இலங்கைக்கு நாட்டு எழுத்து எல்.கே. (எஸ்.எல். என்று போட்டால் அது சியெரா லியோன், ஆபிரிக்கா!) இங்குள்ள பெரிய வங்கிகளின் கோட் எல்லாம் எல்.கே.எல்.எக்ஸ். என்றுதான் முடியும். அதாவது எட்டில் பாதி எல்லோருக்கும் ஒன்று. வாலைப் பார்த்தால் எல்லாம் நம்ம வங்கி மாதிரியே இருக்கும்.

தலையும் சில நேரம் ஏமாற்றும். இலங்கை வங்கிக்கு பீ.சீ.ஈ.வை. கொமர்ஷல் வங்கிக்கு சீ.சீ.ஈ.வை. பின்னால் வருகிற நான்கும் ஒன்றேதான். எட்டில் ஒரே ஒரு எழுத்து மாறினால் காசு வேறு வங்கியின் வாசலில் போய் நிற்கும். போனில் சொல்லும்போது பீ எது, சீ எது, டீ எது என்று காதுக்குப் பிடிபடாது. சில வங்கிகளின் எழுத்துக்கும் பெயருக்கும் ஒட்டே இல்லை. ஹட்டன் நெஷனல் வங்கியின் கோட் எச்.பீ.எல்.ஐ. என்று தொடங்குகிறது. பெயரை வைத்து ஊகித்து எழுதுகிற வேலையே கூடாது.

சரி, கதைக்கு வருவோம்.

வியாழன் பின்னேரம் காசு போட்டாச்சு என்று செய்தி. ராத்தா சனிக்கிழமை வந்து இறங்கிவிட்டா. திங்கள் வங்கிக்குப் போனா, வரவில்லை. நாங்கள் சமாதானம் சொன்னோம். சவூதியில் வெள்ளி சனி விடுமுறை, எங்களுக்கு சனி ஞாயிறு. டொலரில் போனால் பெரும்பாலும் நியூயோர்க்கில் ஒரு இடை வங்கி வழியாகத்தான் வரும், அவர்களுக்கும் சனி ஞாயிறு. இடையில் ஒரு போயா வேறு. ஆகவே வியாழன் பின்னேரம் போட்ட காசு திங்களில்தான் நடக்கத் தொடங்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் இதைச் சொன்னது எங்கள் பக்கம் பிழையே இல்லை என்ற நம்பிக்கையில்.

ஒரு கிழமை போனது. பத்து நாள் போனது. அதற்குள் ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. "அரபி ஏமாத்திட்டான்" என்றார்கள். "உண்டியல்ல போட்டிருந்தா அண்டைக்குப் பின்னேரமே வீட்ட வந்திருக்கும்" என்றார்கள். இந்த இரண்டாவது கதை 2022 இல் டொலர் இல்லாமல் நாடு படுத்த காலத்திலிருந்தே எங்கள் ஊரில் ஓடுகிற கதை. உண்டியலில் காசு வேகமாக வரும், உண்மை. வராமல் போனால் யாரிடம் போய் எந்தக் கடதாசியைக் காட்டுவீர்கள்? ராத்தாவின் காசு எங்கே நிற்கிறது என்று கடைசியில் கண்டுபிடிக்க முடிந்தது ஒரு கடதாசியால்தான்.

மௌலவி அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். மனுசன் கோபப்படவில்லை. தன் கணக்கிலிருந்து காசு போய்விட்டது என்று சொல்லி வங்கிப் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். அந்தப் படத்தை நாங்கள் இரண்டு நாள் பார்த்தோம். பெயர் சரி, கணக்கு இலக்கம் சரி, தொகை சரி. கோட் அதில் தெளிவாக இருந்தது. எங்கள் செய்தியோடு ஒப்பிட்டோம், அதுவும் சரி! எங்கள் பிழையை எங்கள் பிழையோடு ஒப்பிட்டால் சரியாகத்தானே வரும்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு ராத்தாவோடு வங்கிக்குப் போனோம். கரும பீடத்தில் இருந்தது எங்களிடம் படித்த பிள்ளை. எழுந்து நின்று ஸலாம் சொன்னாள். கடதாசியை வாங்கி மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு வந்தாள். விரல் நின்றது. "சேர், இது எங்கட கோட் இல்லையே" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பக்கத்தில் ராத்தா நின்றதால் அப்படி. நாங்கள் படிப்பித்த பிள்ளை எங்கள் பிழையை மறைத்துப் பேசுகிறாள் என்பது அந்த நேரத்தில் காசை விடவும் எங்களுக்குச் சுட்டது.

அவள்தான் விளக்கினாள். ஸ்விஃப்ட் என்பது 1973 இல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து தொடங்கியது. அது காசைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, செய்தியை மட்டும் கொண்டுவருகிறது. பழைய ஆட்கள் "டீ.டீ." என்று சொல்வார்களே, தந்தி மாற்று, அதன் பேரப்பிள்ளை. கோட் என்பது தந்தியின் மேலுறையில் எழுதுகிற விலாசம். விலாசமே இல்லாத இடம் என்றால் அனுப்புகிற வங்கியிலேயே கணினி "இப்படி ஒன்று இல்லை" என்று நிறுத்திவிடும். எங்கள் பிழை அப்படி இல்லை. நாங்கள் கொடுத்தது உண்மையான ஒரு வங்கியின் உண்மையான கோட். ஆகவே செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, வேறு வீட்டுக்கு. அங்கே திறந்து பார்த்தார்கள், அந்தக் கணக்கு இலக்கத்தில் யாரும் இல்லை. காசை ஒதுக்கி வைத்துவிட்டு அனுப்பியவரிடம் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள்.

ஐபானில் இந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. நாட்டு எழுத்துக்குப் பிறகு வருகிற இரண்டு இலக்கமும் சோதனை இலக்கம். எழுத்துகளை இலக்கமாக மாற்றி, முதல் நான்கு இடத்தையும் கடைசிக்குக் கொண்டுபோய், முழுவதையும் 97 ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் மீதி மாறிவிடும். எங்கள் கணித ஆசிரியர் இதை இப்போது தரம் 11 க்கு வகுத்தல் மீதி படிப்பிக்கும்போது செய்து காட்டுகிறார், பிள்ளைகள் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள். ஸ்விஃப்ட் கோட்டில் அப்படி எதுவும் இல்லை. அது எட்டு எழுத்து, அவ்வளவுதான்.

மற்ற வங்கிக்கும் போனோம். மரியாதையாகக் கதைத்தார்கள். ஆனால் நாங்கள் அவர்களின் வாடிக்கையாளர் இல்லை, காசை எங்களிடம் தர முடியாது, வந்த வழியேதான் திரும்பும் என்றார்கள். நியாயம். யாரோ மூன்று வாத்திமார் வந்து கேட்டால் கொடுக்கிற வங்கியில் நாங்களே காசு போட மாட்டோம்.

வந்த வழி என்றால் எது? அந்த வீட்டுக்காரரின் கணக்கு. இது விளங்கிய இரவு நாங்கள் மூன்று பேரும் தூங்கவில்லை. ராத்தா இங்கே. விசா முடிந்தது. இரண்டு வருட உழைப்பு மறுபடி இன்னொருவர் கணக்கில் போய் விழப் போகிறது. அவர் இல்லை என்று சொன்னால் எங்கள் கையில் இருப்பது ஒரு பற்றுச்சீட்டின் படம் மட்டும்.

23 ஆம் நாள் காசு அவருக்குத் திரும்பியது. போன வங்கி, இடை வங்கி, திரும்பிய வழி எல்லாவற்றின் கட்டணமும் கழிந்து 300 ரியால் சொச்சம் குறைவாக. அவரே மௌலவிக்குப் போன் எடுத்துச் சொன்னார். அல்லாஹ் அந்த மனுசனுக்கு பரக்கத் செய்யட்டும். "இந்தத் தடவை நீங்கள் அனுப்புவது வேண்டாம், வங்கி எழுதித் தந்த கடதாசியை அனுப்புங்கள்" என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். மௌலவி சிரிக்கவில்லை.

வங்கியிலிருந்து கடிதத் தலைப்பில் கோட்டோடு விபரம் எடுத்தோம். கட்டணம் யார் தலையில் என்று கேட்கிற இடத்தில் மூன்று தெரிவு இருக்கும். முழுக்க அனுப்புகிறவர், முழுக்கப் பெறுகிறவர், அல்லது இருவரும் பகிர்ந்துகொள்வது. இரண்டாவது தடவை அவர் முழுக்கத் தானே ஏற்றார். மூன்று வேலை நாளில் காசு வந்தது.

வளவு நிற்கவில்லை. விற்கிறவர் தவணை முடிந்து பத்து நாள் பொறுத்தார். அவருக்கும் மகள் கலியாணம். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு முற்பணத்தைச் சதம் குறையாமல் திருப்பித் தந்தார். அவரில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறைந்த 300 சொச்சம் ரியாலை ரூபாயாக்கி நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு உறையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ராத்தா எடுத்தா. எடுக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு இன்னும் பாரமாக இருந்திருக்கும். போகும்போது ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்து "உம்மாமாருக்குக் குடுங்க" என்று சொன்னா.

இப்போது எங்கள் மேசையில் என்ன செய்கிறோம் என்பதையும் எழுதிவிடுகிறோம். பழைய செய்தியை எடுத்துத் திருத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக எழுதுகிறோம். வங்கியின் சொந்த இணையத்தளத்தில் அல்லது கிளையில் கோட் எடுக்கிறோம். பிறகு தலைகீழாகச் செய்கிறோம். அந்தக் கோட்டை மட்டும் ஸ்விஃப்ட் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, எந்த வங்கியின் பெயர் வருகிறது என்று பார்க்கிறோம். வகுத்த கணக்கைப் பெருக்கிப் பார் என்று கலாசாலையில் எத்தனை தடவை சொல்லித் தந்தார்கள், பிள்ளைகளுக்கு நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதுகிறார், எழுத்தை ஊர் பெயரோடு சொல்லி: பதுளையின் பீ, கொழும்பின் சீ, ஏறாவூரின் ஈ, யாலவின் வை. பக்கத்து மேசை டீச்சர்மார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பெயரையும் பாருங்கள். எங்கள் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஆயிரம் எழுத்துக்கூட்டல். பாஸ்போட்டில் ஒரு பாத்திமா, வங்கிப் புத்தகத்தில் வேறு பாத்திமா. அனுப்புகிறவருக்கு வங்கிப் புத்தகத்தில் உள்ள எழுத்தையே கொடுங்கள். உள்ளூரில் காசு மாற்றப் பாவிக்கிற 7010, 7135 போன்ற வங்கி இலக்கங்களைச் சிலர் ஸ்விஃப்ட் கோட் என்று கொடுக்கிறார்கள். அது வேறு, இது வேறு. "என் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்குப் போடுங்கள்" என்று செய்தி வந்தால் போன் எடுத்துக் குரலைக் கேட்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். காசு வரத் தாமதித்தால் அனுப்பியவரிடம் வங்கியின் முழுப் பிரதியைக் கேளுங்கள். எம்.டி. 103 என்று கேட்டால் விளங்கிக்கொள்வார்கள். 2025 நவம்பரோடு அந்த வடிவம் போய்ப் புதியது வந்துவிட்டது, பழைய பெயர்தான் இன்னும் வாயில் இருக்கிறது.

ராத்தா பிறகு வயல் பக்கமாக 5 பேர்ச் வாங்கினா. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடம். அத்திவாரம் வெட்ட முதல் கிறவல் போட்டு நிரப்ப வேண்டும். லோட் கணக்கைப் பிள்ளை பாடசாலைக்கு வரும்போது எங்களிடம் சொல்வாள். போன கிழமை 9 ஆவது டிரெக்டர் பறித்ததாம். இன்னும் நாலு வேணுமாம்.